குதிரான் சுரங்கமும் விபிஎன் சந்தாவும்

போன ஞாயிற்றுக்கிழமை வண்டன்மேட்டிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள்.

"மாமா, இந்த விபிஎன் காசு கட்டி வாங்கலாமா? ரெண்டு வருசத்துக்கு மொத்தமாக் கட்டுனா விலை பாதிக்கும் கீழ வருது. இன்னிக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுதாம்."

"எதுக்குக் கண்ணு, என்னாச்சு?" என்று கேட்டேன்.

"போன மாசம் அப்பாவுக்கு ஒரு போன் வந்துச்சு மாமா. லோன் வேணுமான்னு கேட்டாங்க. அப்பா பேரு, ஊரு, பேங்க்ல நகை வெச்சிருக்கறது வரைக்கும் சரியாச் சொன்னாங்க. அம்மா பயந்துட்டாங்க. யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு, விபிஎன் போட்டா நம்மளப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு."

இரண்டு நாள் பொறு, சரியாக யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் பதினாறு வருடமாகக் கணினிப் பழுதும் நெட்வொர்க் வேலையும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். இதே கேள்வியை வாடிக்கையாளர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறேன். இந்த முறை கேட்டது வீட்டுப் பிள்ளை. அவளுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்கு விபிஎன் வந்த வழி

பாலக்காட்டுப் பக்கம் இந்தச் சொல்லை முதலில் கொண்டுவந்தது கணினி படித்தவர்கள் அல்ல, வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் வெகுகாலமாகத் தடுக்கப்பட்டிருப்பவை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அங்கிருக்கும் அப்பாக்கள் ஏதோவொரு இலவச விபிஎன் செயலியை இறக்கிக்கொண்டார்கள். அங்கே 2021ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்க முடியும். இது தெரியாமலேயே பலர் பயன்படுத்திவந்தார்கள்.

அந்த அப்பாக்களுக்கு விபிஎன் என்பது தடை தாண்டும் ஏணி. யூடியூப் விளம்பரத்தில் வரும் விபிஎன்னோ உங்களைக் காக்கும் கவசம் என்று விற்கப்படுகிறது. ஏணியாக அது வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன். கவசம் என்கிறார்களே, அதைத்தான் ஆராய வேண்டும்.

சுரங்கம் எதை மறைக்கும்

வாளையாரிலிருந்து திருச்சூர் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குதிரான் மலை இருக்கிறது. முன்பு அந்த ஏற்றத்தில் லாரிகள் முக்கி முனகி மணிக்கணக்கில் வரிசை கட்டும். 2021 ஜூலை 31 அன்று அங்கே சுரங்கம் திறந்தார்கள். கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம் அது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். உள்ளே போன வண்டியை மலைமேல் நிற்கிறவர் பார்க்க முடியாது.

விபிஎன்னும் இப்படி ஒரு சுரங்கம்தான். உங்கள் போனிலிருந்து விபிஎன் நிறுவனத்தின் சர்வர் வரைக்கும் ஒரு மூடிய குழாய் போடுகிறது. உங்கள் சிம் நிறுவனமோ விடுதி வைஃபைக்காரரோ குழாயின் வெளிப்புறத்தை மட்டும் பார்ப்பார்கள், உள்ளே போவது என்னவென்று தெரியாது. நீங்கள் திறக்கும் இணையதளத்துக்கோ உங்கள் இணைய முகவரிக்கு, அதாவது ஐபி முகவரிக்கு, பதிலாக அந்த சர்வரின் முகவரி தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

ஆனால் குதிரானுக்குப் போகிறவர்கள் வழியில் பன்னியங்கரை சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் உங்கள் வண்டி எண்ணை அங்கே சொல்லிவிடும், வங்கிக் கணக்கில் காசு பிடித்து போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிடும். அதற்குப் பிறகு சுரங்கத்துக்குள் எவ்வளவு இருட்டாக இருந்தால் என்ன?

இணையத்தில் நம்முடைய பாஸ்டேக், லாகின். விபிஎன் போட்டுக்கொண்டே உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்தால், வந்திருப்பது நீங்கள் என்று கூகுளுக்குத் தெரியும். ஃபேஸ்புக்கைத் திறந்தாலும் அப்படியே. அமேசானில் வீட்டு முகவரி கொடுத்துப் பொருள் வாங்கினால், சிங்கப்பூர் சர்வர் வழியாக வந்தாலும் பார்சல் வண்டன்மேட்டுக்குத்தான் வரும். லொக்கேஷன் அனுமதி கொடுத்த செயலி, ஐபி முகவரியைப் பற்றிக் கவலைப்படாமல் செயற்கைக்கோளைக் கேட்டு உங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளும். உலாவியில் இருக்கும் குக்கிகளையும், திரையின் அளவு, எழுத்துரு, போன் மாடல் எல்லாம் சேர்ந்த அடையாளத்தையும் விபிஎன் தொடுவதே இல்லை.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது கண்கூடு. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ரம்மி செயலிகள் சில, போனின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட்டன. விபிஎன் போட்டு ஐபி முகவரியை மாற்றியவர்கள் அந்தச் செயலிகளுக்குள் நுழைய முடியவில்லை. வேலந்தாவளம் தாண்டி கேரளத்துக்குள் நான்கு அடி வைத்தவர்கள் நுழைந்தார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடு முழுக்கத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது, அது தனிக் கதை. ஐபி முகவரி ஒன்றை மட்டும் மறைத்தால் ஆள் மறைவதில்லை என்பதை அப்போதே எங்கள் ஊர்ப் பையன்கள் செய்து பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

ஏற்கெனவே பூட்டியிருக்கும் கதவு

விளம்பரங்களில் 'ராணுவத் தரக் குறியாக்கம்' என்று ஒரு வார்த்தை அடிபடும். கேட்டால் பெரிதாகத் தோன்றும். அதற்கு இணையான குறியாக்கம், ஹெச்டிடிபிஎஸ் என்று முகவரி தொடங்கும் எந்தத் தளத்திலும் இலவசமாகவே இருக்கிறது. இன்று வங்கி, மின்னஞ்சல், கடை, செய்தித்தாள் என்று நாம் போகும் தளங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பேருந்து நிலைய வைஃபையில் உட்கார்ந்து வங்கிச் செயலியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பாஸ்வேர்டைப் படித்துவிடுவார் என்ற பயம், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு நியாயமானது. இப்போது அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது.

அப்படியானால் சிம் நிறுவனத்துக்கு என்ன தெரியும்? எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எப்போது போனீர்கள், எவ்வளவு டேட்டா போனது என்பது தெரியும். தளத்துக்குள் என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. மருத்துவமனைக்குப் போனது தெரியும், டாக்டரிடம் சொன்னது தெரியாது. இதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 டிசம்பரில் இந்திய அரசு உரிம விதிகளைத் திருத்தி, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை ஓர் ஆண்டுக்குப் பதில் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதே ஒரு மனிதரின் நோயை, கடனை, காதலை, அரசியலைச் சொல்லிவிடும். இந்தத் தடத்தைச் சிம் நிறுவனத்திடமிருந்து மறைக்க விபிஎன் உண்மையிலேயே உதவும்.

ஆனால் மறைத்த தடம் எங்கே போகிறது?

சுரங்கத்தின் சொந்தக்காரர்

சிம் நிறுவனம் பார்த்த அத்தனையும் இப்போது விபிஎன் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும். கண்காணிப்பு ஒழியவில்லை, கைமாறியிருக்கிறது. சந்தா கட்டும்போது நாம் வாங்குவது ஒரு நம்பிக்கையை மட்டும்தான்: 'நாங்கள் எதையும் எழுதி வைப்பதில்லை' என்ற வாக்கை.

அந்த வாக்கு எப்படியெல்லாம் உடைந்திருக்கிறது என்பது பதிவில் இருக்கிறது.

ஃபேஸ்புக் 2013இல் ஓனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச விபிஎன் செயலி, உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, மக்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஃபேஸ்புக்குக்கு எடுத்துக் கொடுத்தது. 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அது வெளியேறியது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இலவசம்தானே அப்படி, காசு கொடுத்தால் சரியாக இருக்குமே என்று தோன்றும். பியூர் விபிஎன் காசுக்கு விற்கும் நிறுவனம். பதிவுகள் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்தது. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துரத்தித் தொல்லை கொடுத்தவனைப் பிடிக்க, எஃப்பிஐக்கு அதே நிறுவனத்தின் பதிவுகள்தான் உதவின. அவன் பிடிபட்டது நல்லதே. ஆனால் இல்லை என்று சொன்ன பதிவு இருந்தது என்பது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொருந்தும் செய்தி. பாதுகாப்பு மென்பொருளும் விபிஎன்னும் விற்கும் அவாஸ்ட், பயனாளர்களின் உலாவல் விவரத்தை ஒரு துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 1.65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

எந்த விபிஎன் நல்லது என்று தேடிப் படிக்கும் விமர்சனத் தளங்களிலும் கவனம் வேண்டும். கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம், கிராஸ்ரைடர் என்ற பழைய பெயரில் விளம்பர மென்பொருள் தொழிலில் இருந்தது. அதன் பிறகு சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021இல் 93.6 கோடி டாலருக்கு எக்ஸ்பிரஸ் விபிஎன் என்று வரிசையாக வாங்கியது. அதே 2021இல் விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் விபிஎன்மென்டார் தளத்தின் உரிமையாளரையும் வாங்கிக்கொண்டது. தேர்வு எழுதுகிறவரும் விடைத்தாள் திருத்துகிறவரும் ஒரே வீட்டுக்காரர்.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். 2023 ஏப்ரலில் சுவீடன் போலீஸ் தேடுதல் ஆணையோடு முல்வாட் அலுவலகத்துக்குப் போனார்கள். எடுத்துப்போக வாடிக்கையாளர் விவரம் என்று அங்கே ஏதும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த நிறுவனம் மின்னஞ்சல்கூடக் கேட்காமல் ஓர் எண்ணை மட்டும் கணக்காகக் கொடுக்கிறது. ரஷ்யத் தூதர் துருக்கியில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அந்நாட்டு அதிகாரிகள் எக்ஸ்பிரஸ் விபிஎன்னின் சர்வரைக் கைப்பற்றினார்கள். அதிலும் பயனாளர் விவரம் கிடைக்கவில்லை என்று 2017இல் தெரியவந்தது. வாக்கைக் காப்பாற்றிய நிறுவனங்களும் இருக்கின்றன. அதை நாம் அறிந்தது அவர்கள் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்த பிறகுதான். விளம்பரத்தைப் பார்த்து அறிய வழியில்லை.

2022க்குப் பிறகு இந்தியாவில்

இந்தப் பகுதியை யூடியூப் விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை, ஆகவே கொஞ்சம் நின்று படியுங்கள்.

2022 ஏப்ரல் 28 அன்று, இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காக வாங்குகிறார் என்ற காரணம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்திய பிறகும் 5 ஆண்டுகள் அந்த விவரம் இருக்க வேண்டும். விபிஎன் நிறுவனங்களுக்கு இது 2022 செப்டம்பர் 25 முதல் கட்டாயமானது. ஊழியர்களுக்காக அலுவலகங்கள் வைத்திருக்கும் விபிஎன்களுக்கு விலக்கு உண்டு. நம்மைப் போல் தனியாக வாங்குகிறவர்களுக்கு விற்கும் நிறுவனங்களைத்தான் இது கட்டுப்படுத்துகிறது.

ஆளை மறைப்பதாகச் சொல்லி விற்கும் பொருளுக்கு, ஆள் விவரம் எழுதிய பதிவேடு கட்டாயம். எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் விபிஎன் ஆகியவை 2022 ஜூன் வாக்கில் இந்தியாவிலிருந்த சர்வர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன, பின்னர் புரோட்டானும் போனது. இந்திய முகவரி வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த நிறுவனங்கள் சிங்கப்பூர் போன்ற இடங்களில் சர்வர் வைத்து இந்திய ஐபியைக் கொடுக்கின்றன. 2025 ஜனவரித் தொடக்கத்தில் சில விபிஎன் செயலிகள் ஆப்பிள், கூகுள் கடைகளில் இந்தியர்களுக்குக் கிடைக்காமல் போயின.

விபிஎன் வைத்திருப்பது குற்றம் என்று நாடு முழுமைக்குமான சட்டம் ஏதும் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் தற்காலிகத் தடை போட்டிருக்கின்றன. நம் பக்கம் அப்படி இல்லை. ஆனாலும் இந்த விதியை ஏற்று உள்நாட்டில் இயங்கும் விபிஎன்னை வாங்கினால், உங்கள் பெயர் எழுதிய பதிவேடு ஒன்றுக்கு நீங்களே சந்தா கட்டுகிறீர்கள். ஏற்காத வெளிநாட்டு நிறுவனத்தை வாங்கினால், ஏதாவது ஏமாற்று நடந்தால் போய் நிற்க நமக்கு இங்கே ஓர் அலுவலகமும் இல்லை. இரண்டில் எது உங்களுக்குப் பரவாயில்லை என்பதை யோசித்துத்தான் காசு கட்ட வேண்டும்.

நம் விவரம் உண்மையில் கசியும் இடம்

இனி அக்கா வீட்டுக்காரருக்கு வந்த அந்த போன் அழைப்புக்கு வருகிறேன். அவருடைய பெயரும் ஊரும் நகைக்கடனும் யாரோ வயரில் ஒட்டுக்கேட்டுப் போனவை அல்ல. நாமே எங்கோ கையால் கொடுத்தவை.

எல்லையில் வாழ்கிறவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விவரம் கொடுக்கிறோம். 2020 மே மாதத்தில் வாளையாரில் பாஸ் இல்லாமல் ஜனங்கள் வெயிலில் தவித்ததை நான் நேரில் பார்த்தேன். தமிழ்நாட்டு இ-பாஸுக்கு ஒருமுறை, கேரளத்தின் கோவிட் ஜாக்ரதா தளத்தில் ஒருமுறை என்று பெயர், போன் எண், வண்டி எண், அடையாள அட்டை எல்லாம் இரண்டு அரசுக்கும் கொடுத்தோம். கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்கு வரும் பெண்களும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஏப்ரலில்தான் கேரளத்தில் ஸ்பிரிங்க்ளர் விவகாரம் வெடித்தது. கோவிட் நோயாளிகள், தனிமைப்படுத்தப்பட்டவர்கள் விவரம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கையில் போகிறது என்று வழக்கு வந்தது. பெயர், அடையாளத்தை நீக்கிய பிறகே அந்த நிறுவனம் தரவைத் தொடலாம் என்று 2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அன்றைக்கு நம்மைக் காத்தது ஒரு நீதிமன்றம். எந்தச் செயலியாலும் அதைச் செய்திருக்க முடியாது.

2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரம் ஒரு டெலிகிராம் கணக்கில் வெளிவந்தது. போன் எண்ணைத் தட்டினால் அடையாள எண் வந்து விழுந்தது. தடுப்பூசிக்குப் பதிவு செய்த அன்று நீங்கள் உலகத்திலேயே சிறந்த விபிஎன் போட்டிருந்தாலும் அதில் உங்கள் பெயர் இருந்திருக்கும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்திருக்கிறது. அங்கேயும் போன் எண், வண்டி எண், தங்கும் இடம்.

அரசு கேட்பதைவிட எனக்கு அதிக பயம் தருவது கடைகளில் நடப்பது. சில வருடத்துக்கு முன் ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினி மெதுவாக ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், கல்யாணச் சான்றிதழ்கள். பிரிண்ட் எடுக்க ஜனங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, அனுப்பியபடியே கிடந்தன. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கணினிக்குப் பாஸ்வேர்டும் இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன.

அப்புறம் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி ஒழிந்த பிறகு, வாளையார், கோவிந்தாபுரம், கம்பமெட்டு, குமுளி எல்லையெங்கும் கேரள லாட்டரிக் கடைகள் பெருகின. 2023 திருவோணம் பம்பரின் 25 கோடி ரூபாய்ச் சீட்டு வாளையாரில் விற்றது, விழுந்தது தமிழ்நாட்டு நண்பர்களுக்கு. அந்தச் செய்தி பரவியதும் 'கேரள லாட்டரியை இணையத்தில் வாங்குங்கள்' என்ற விளம்பரங்களும் எங்கள் போன்களில் கிளம்பின. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது, இணைய விற்பனையே கிடையாது. அந்தப் போலிப் பக்கங்களில் பெயரும் எண்ணும் வங்கிக் கணக்கும் போட்டவர்களுக்கு எந்தச் சுரங்கம் உதவும்?

கடன் செயலிகள் இதைவிடக் கொடியவை. தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும், அவசரத்தில் இருக்கிறவர் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்துவார். பிறகு உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போகும். இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொடுத்த வழிகாட்டுதலில், கடன் செயலிகள் போனின் தொடர்புப் பட்டியல், படங்கள், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேட்கிற செயலி என்றால் அதை உடனே நீக்கிவிடுங்கள், வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

அப்படியானால் யார் வாங்கலாம்

சிலருக்கு விபிஎன் உண்மையிலேயே தேவை. செய்தி சேகரிக்கிறவர்கள், ஊழலை எதிர்த்து எழுதுகிறவர்கள், எந்தத் தளத்தைப் படிக்கிறார்கள் என்பது தெரிந்தாலே ஆபத்தில் மாட்டக்கூடியவர்கள், ஊர் ஊராக விடுதி வைஃபையிலேயே வேலை பார்க்கிறவர்கள், இவர்களெல்லாம் வாங்கட்டும். அவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: இலவசத்தைத் தொடாதீர்கள். வெளித் தணிக்கை நடத்தி அறிக்கையை வெளியிடும் நிறுவனமா, உரிமையாளர் யார் என்று வெளிப்படையாகச் சொல்கிறதா, நீதிமன்றம் கேட்டபோது என்ன கொடுத்தது என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். விபிஎன் ஓடும்போது சில வங்கி, அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரியைக் கண்டு திறக்க மறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்ற எல்லோருக்கும், அதாவது வங்கி, வாட்ஸ்அப், யூடியூப், பிள்ளைகளின் பாடம் என்று நெட்டைப் பயன்படுத்தும் சாதாரணக் குடும்பத்துக்கு, அந்தக் காசு வீண் என்பதே என் முடிவு. காசைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. கவசம் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கை தாராளமாகிவிடும், பார்க்காமல் லிங்க்கை அழுத்தும், படிக்காமல் அனுமதி கொடுக்கும்.

காசு இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை இவை. ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கலாம். அங்கேயே உங்கள் கைரேகையையும் பூட்டி வைக்கலாம். கடையில் பிரிண்ட் எடுத்தால், எடுத்து முடித்ததும் உங்கள் கண் முன்னே அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்படாதீர்கள். போனின் அமைப்புகளில் போய் எந்தச் செயலிக்கு லொக்கேஷன், மைக், தொடர்பு எண்கள் அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாததை நிறுத்துங்கள். எல்லைப் பக்கம் இரண்டு மாநிலத்து சிம்மும் வைத்திருப்பது வழக்கம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்க முடியும், உங்களுடையது இல்லாததைப் புகார் செய்து துண்டிக்கவும் முடியும். முக்கியக் கணக்குகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை வையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நம் விவரத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்பது இனி சட்டம் கொடுத்த உரிமை. உரிமையைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் சந்தா கட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு தலைமுறைக்கு நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சந்தா கட்டக் காசில்லாத தோட்டத் தொழிலாளிக்கும் அந்தரங்கம் உண்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா மகளைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். அவள் விபிஎன் வாங்கவில்லை. அப்பாவின் போனை வாங்கி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஒவ்வொரு செயலியாகப் பார்த்திருக்கிறாள். டார்ச் செயலி ஒன்று தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதி வைத்திருந்ததாம். எப்போது இறக்கினது என்று அப்பாவுக்கே ஞாபகம் இல்லை. கடன் செயலிகள் இரண்டும் கிடந்திருக்கின்றன, ஒன்றில் ஆதார் படமும் சம்பளச் சீட்டும் நகை அடகு ரசீதும் ஏற்றியிருந்தார். அதில் கேட்ட கடன் கிடைக்கவில்லை, கொடுத்த காகிதம் மட்டும் போய்விட்டது.

இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவருடைய போனைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க அந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ஏன் நிறுத்துகிறோம் என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.